வயற்காணியில் மாணிக்கக் குழி: மூடும் பொறுப்பு யாருடையது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். இரத்தினபுரி மாவட்டத்தில், களு கங்கையில் கலக்கும் ஓடையொன்றின் ஓரமாக எங்களுக்கு வயற்காணி உண்டு. அதில் மாணிக்கக்கல் அகழ்வதற்கு ஊரவர் ஒருவர் பங்கு பேசி வந்திருக்கிறார். அனுமதிப்பத்திரம், நீர்ப்பம்பி, வேலையாட்களின் சாப்பாட்டுச் செலவு எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்வதாகவும், காணிக்குரிய பங்கை எங்களுக்குத் தருவதாகவும் சொல்கிறார். அகழ்வு முடிந்தபின் அங்கே மீண்டும் நெல் விளைய வேண்டும் என்பதே அப்பாவின் ஒரே நிபந்தனை. சட்டப்படி குழியை மூட வேண்டியவர் யார், கையொப்பமிடுவதற்கு முன் எவற்றை உறுதிசெய்ய வேண்டும் என்பதை விபரம் அறிந்தவர்கள் தெரிவிக்கவும்.

மறுமொழி 1

1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் இல்லாமல், கையால் தோண்டும் சிறு குழியைக்கூட வெட்ட முடியாது. அகழ்ந்த நிலத்தை மூடிச் சீர்செய்வது அப்பத்திரத்தோடு வரும் கடமை. அதற்கு ஈடாக வைப்புப் பணம் முன்கூட்டியே கட்டப்பட்டு, மூடியதை அதிகாரிகள் பார்வையிட்ட பின்னரே திருப்பித் தரப்படும். ஆகவே பொறுப்பு பத்திரக்காரருடையது. ஆனால் மூடும் செலவு வைப்புப் பணத்தை மிஞ்சும்போது, பணம் போனால் போகட்டும் என்று அடுத்த காணிக்கு நகர்ந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். பள்ளம் காணிக்காரருக்கே மிஞ்சுகிறது. பத்திரத்தை உங்கள் பெயரில் எடுக்கச் சொன்னால் தயவுசெய்து இணங்காதீர்கள். வயற்காணி என்பதால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் குறுக்கிடும். கமநல சேவை நிலையத்தில் முதலில் விசாரியுங்கள்.

மறுமொழி 2

மேலே நண்பர் சொன்னது சரி. எனினும், மூடப்பட்ட குழியெல்லாம் வயலாகிவிடுவதில்லை. தோண்டும்போது மேல்மண், களி, மணல், அதன் அடியில் கல் கிடைக்கும் ‘இல்லம’ எனப்படும் பரல் படை என்று வரிசையாக வரும். மேல்மண்ணைத் தனியே குவித்து, மழையில் கரையாதபடி மூடிவைத்து, கடைசியில் அதையே மேலே பரப்ப வேண்டும். எல்லாவற்றையும் ஒரே குவியலாக்கித் தள்ளினால் பரல் மேலே வந்துவிடும். அந்த வயலில் தண்ணீர் தங்காது, நாற்றும் வேர் பிடிக்காது. பக்கச் சுவர்களைத் தாங்கும் இறப்பர் மரக் கட்டைகளையும், அவற்றின் பின்னே செருகும் கெக்கில்ல என்ற பன்னச் செடியையும் உள்ளேயே விட்டு மேலே மண்ணைக் கொட்டினால், அவை உக்கியபின் நிலம் இறங்கும்.

இல்லம கழுவிய சேற்றுநீரை நேரே ஓடைக்கு விடவே கூடாது. கீழே இருப்பவர்களின் வாய்க்கால் தூர்ந்துபோகும். வண்டல் படிவதற்கென்று தனிக்குழி வெட்டி, தெளிந்த நீரை மட்டும் விட வேண்டும். கைவிடப்பட்ட குழிகளில் மலேரியா நுளம்பு பெருகுவதை மாணிக்கம் அகழும் இன்னோர் இடமான எலஹெரப் பக்கத்தில் ஒரு காலத்தில் அனுபவித்திருக்கிறார்கள். 2016இல் இலங்கை மலேரியாவற்ற நாடாக அறிவிக்கப்பட்டாலும் அந்த நுளம்பு அழிந்துவிடவில்லை.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அவசரமானால் மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் கொண்டுவரலாம் என்றும் அவர் சொல்லியிருந்தார். அதையும் இதே பத்திரத்தில் செய்யலாமா?

மறுமொழி 1

செய்ய முடியாது, இயந்திர அகழ்வுக்கு வேறாக அனுமதி பெற வேண்டும். ‘கையால் மட்டும்’ என்று உடன்படிக்கையில் எழுதுங்கள். மண்ணைப் பிரித்து வைப்பதையும், முதல் கல் விற்ற பணத்திலிருந்தே மூடும் செலவை ஒதுக்கி இருவர் பெயரிலும் வங்கியில் இடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு அவர் சம்மதிக்காவிட்டால் காணியைக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.