கலைச்சொல்: பெயின் கேடஸ்ட்ரோஃபைசிங் = ‘வலி மிகைப்படுத்தல்’?

வணக்கம்.

நாள்பட்ட முதுகுவலிக் கையேட்டின் சொற்பட்டியலைச் சரிபார்த்து வருகிறேன். மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பது நாள்பட்ட வலி. அதில் சிக்கல் இல்லை. மனச்சோர்வு, தூக்கக் குலைவு, செயல்நினைவு (செய்யும் வேலைக்கு வேண்டியதை அந்நேரத்துக்கு மனத்தில் வைத்திருப்பது) எல்லாம் புழங்கும் சொற்கள்தாம். இடிப்பது ‘பெயின் கேடஸ்ட்ரோஃபைசிங்’, அதாவது வலியையே நினைத்து, அதைப் பெரிதாகக் கண்டு, செய்வதறியாமல் தவிப்பது. பட்டியலில் ‘வலி மிகைப்படுத்தல்’ என்றிருக்கிறது. வேறு சொல் உண்டா?

*

ஐயா,

மிகைப்படுத்தல் வேண்டவே வேண்டாம். நோயாளியின் கோப்பில் ‘வலியை மிகைப்படுத்துகிறார்’ என்று எழுதினால், அடுத்துப் பார்க்கும் மருத்துவர் ‘நடிக்கிறார்’ என்றுதான் எடுத்துக்கொள்வார். மூலச்சொல் மீதே நோயாளிகளுக்கு இந்த மனத்தாங்கல் உண்டு.

பொருளும் குறைபடுகிறது. இதை அளக்க 1995-இல் வந்த அளவுகோலில் 13 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 0 (சிறிதும் இல்லை) முதல் 4 (எப்போதும்) வரை, மொத்தம் 52. வலியையே அசைபோடுவதற்கு 4 கூற்றுகள், பெரிதாக்கிக் காண்பதற்கு 3, கையறுநிலைக்கு 6. நம் பட்டியல் சொல் அந்த மூன்றை மட்டும் தொடுகிறது, ஆறை விட்டுவிடுகிறது.

என் பரிந்துரை: வலிமலைப்பு. ‘நினைச்சாலே மலைப்பா இருக்கு’ என்கிறோமே, அதில் பெரிதாகத் தெரிவதும் உண்டு, செய்வதறியாமல் நிற்பதும் உண்டு. பழிச்சொல்லாகவும் ஒலிக்கவில்லை. அசைபோடல் இதில் அடங்கவில்லை என்பது உண்மை. உட்பிரிவின் பெயராக அது தனியே நிற்கட்டும்.

*

> வலிமலைப்பு

‘வலிப் பேரச்சம்’ என்றால் படித்தவுடன் புரியுமே? தவிர, ‘வலிமலைப்பு’ என்று சேர்த்து எழுதினால் கண் முதலில் ‘வலிமை’ என்று தடுக்குகிறது. வரி முடிவில் ‘வலிமலை-’ என்று உடைந்தால் இன்னும் மோசம்.

*

இரண்டாவது குறை சரியானதே. ‘வலி மலைப்பு’ என்று இடைவெளி விட்டே எழுதலாம். ஒற்று மிகாத இடம் என்பதால் பிரித்தாலும் சேர்த்தாலும் எழுத்து மாறாது, தேடலிலும் இரண்டாவது சொல்லாவது சிக்கும்.

அச்சத்தை ஏற்க முடியாது. அந்தச் சொல் நமக்கு வேறிடத்தில் தேவை. குனிந்தால் முதுகெலும்பின் இடைத்தட்டு நழுவிவிடும் என்று அசையவே அஞ்சுகிற கினீசியோஃபோபியாவுக்கு ‘அசைவச்சம்’ வைத்திருக்கிறோம். அதற்கு 17 கூற்றுகளும் 17 முதல் 68 வரை மதிப்பெண்ணும் கொண்ட தனி அளவுகோல் உண்டு. வலி எப்படிச் சுழன்று நீடிக்கிறது என்று காட்டும் அச்சம்–தவிர்ப்பு மாதிரியின் வரிசையைப் பாருங்கள்: வலி, மலைப்பு, அசைவச்சம், தவிர்ப்பு, தசை நலிவும் மனச்சோர்வும், மறுபடி வலி. இரண்டாம் கட்டத்திலும் மூன்றாம் கட்டத்திலும் ‘அச்சம்’ என்று போட்டால், எதற்கு எது காரணம் என்பது படத்தில் மறைந்துவிடும். சிகிச்சையும் வேறு: மலைப்புக்கு எண்ணத்தைச் சீராய்வது, அசைவச்சத்துக்கு, அஞ்சும் அசைவையே சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகச் செய்யவைப்பது.

இன்னொன்று. கையேட்டில் ‘மனநிலை பாதிப்பு’ என்ற தலைப்பைக் கண்டேன். செய்தித்தாள் வழக்கில் அது புத்தி பேதலிப்பு. முதுகுவலிக்காரர் அந்தப் பக்கத்தைத் திறக்கவே மாட்டார். ‘மனச்சோர்வும் எரிச்சலும்’ என்று உள்ளதைப் போடுங்கள். மூளையின் செயல்பாட்டைச் சொல்லும் நரம்புநடத்தைப் பகுதியில் கவனம், செயல்நினைவு, வினைவேகம் மூன்றும் போதும். ஆனால் வலிக்குக் கொடுக்கும் காபாபென்டின், ஓபியாய்டு மருந்துகளே மந்தம் தரும் என்ற குறிப்பு விடுபட்டிருக்கிறது. அது இல்லாவிட்டால் மறதி முழுவதையும் வலியின் கணக்கில் எழுதிவிடுவோம்.

*

சரி, ‘வலி மலைப்பு’, உட்பிரிவுகள் ‘அசைபோடல், பெரிதாக்கல், கையறுநிலை’ என்று பட்டியலில் ஏற்றுகிறேன். கடைசியது புறத்திணைத் துறையின் பெயர் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். இன்று எல்லாருக்கும் புரிகிற சொல் அது. ‘சென்ட்ரல் சென்சிடைசேஷன்’ பாக்கி. ‘மைய உணர்வூட்டல்’ என்பது மரத்த இடத்துக்கு உணர்வு வரவழைப்பதுபோல் இருக்கிறது. நடப்பதோ தண்டுவட நரம்பணுக்கள் சிறு தூண்டலுக்கும் பெரிதாகத் துலங்குவது. ‘மையக் கூருணர்வாக்கம்’ எப்படி? தனி இழையில் எழுதுங்கள்.