முதல் வேலைக்குப் போகும் கோ-பைலட்களின் ஒப்பந்தம்: விவரம் தெரிந்தவர்கள் உதவவும்

வணக்கம். சிபிஎல் (வணிக விமானி உரிமம்) முடித்துவிட்டு இந்திய ஏர்லைன்களில் சேரும் பிள்ளைகள் கையெழுத்துப் போடும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று ஒரு குறிப்பு தயாரிக்கிறோம்.

பெரிய சிக்கல் மணிக்கணக்கு. விமானம் புறப்பட நகர்வதிலிருந்து, இறங்கி ஓய்ந்து நிற்கும்வரைதான் பிளாக் நேரம். பறப்புப் படி, அதாவது மணிக்கணக்கில் தரும் அலவன்ஸ், அதற்குத்தான். ஒவ்வொன்றும் 1 மணி 10 நிமிடமாக நான்கு செக்டார் (ஒரு முறை புறப்பட்டு இறங்குவது ஒரு செக்டார்) என்றால் 4 மணி 40 நிமிடம். முன்கூட்டியே வந்து ரிப்போர்ட் செய்வது, நடுவில் அடுத்த பறப்புக்குத் தயாராகும் மூன்று டர்ன்அரவுண்ட் எல்லாம் சேர்த்தால் டியூட்டி எட்டு மணியைத் தொடும். பனிமூட்டத்தில் கேட்டிலேயே காத்திருந்தால் அதற்குப் படி கிடையாது. ஆகவே குறைந்தபட்ச உத்தரவாத மணிநேரம் (அவ்வளவு பறக்காவிட்டாலும் படி தரும் மணிநேரம்) எழுத்தில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. இல்லையென்றால், விமானங்கள் குறையும் மாதத்தில் வீட்டுக் கடன் தவணைக்கே திண்டாட்டம்தான்.

வக்கீல்களிடம் ஒரு கேள்வி: டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட விமான வகையை ஓட்டும் தகுதிப் பயிற்சி) செலவைப் பைலட்டே கட்டிய பிறகும் பாண்ட் (குறிப்பிட்ட காலத்துக்கு முன் வேலையை விட்டால் பணம் கட்டும் உறுதி) கேட்டால், ஒப்பந்தத்தை மீறினால் தரவேண்டிய இழப்பீட்டைப் பற்றிய, 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி முழுத்தொகையும் வசூலிக்க முடியுமா? வேலையை விடும் முன் தரவேண்டியதாகக் கோ-பைலட்டுக்கு டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) 2017-இல் விதித்த ஆறு மாத நோட்டீஸ் வேறு, பாண்ட் வேறு. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ரோஸ்டர் (பணி அட்டவணை) போடுபவர்களிடமும் கேட்கிறோம்: 2025 ஜூலை முதல் வந்த 48 மணி நேர வார ஓய்வை நடைமுறையில் எப்படிப் பொருத்துகிறீர்கள்? பெயர், பணியாளர் எண்ணை மறைத்து மாதிரி ரோஸ்டர் ஒன்று அனுப்பினால் பேருதவி.