ஈரம் ஏறும் தரையில் வினைல் பலகை நிற்குமா?

வணக்கம். மலேசியாவில், ஈப்போ பக்கம் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுத் தரையை மாற்ற வேண்டும். தோட்டத்தை விட்டு வெளியே வந்தபோது அப்பா வாங்கிய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு, பழைய சிமெண்ட் தரை. மேலே ரோலில் வாங்கிப் போட்ட பிளாஸ்டிக் விரிப்பு மூலைக்கு மூலை சுருண்டு கறுத்துக் கிடக்கிறது.

கடையில் எஸ்பிசி என்ற வினைல் பலகை காட்டினார்கள். சுண்ணாம்புக்கல் தூளும் பிவிசியும் கலந்தது, ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், தண்ணீரில் ஊறாது. பலகை ஊறாது, சரி. கீழிருந்து ஏறும் ஈரம் எங்கே போகும்? ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டிவிட்டேன். மறுநாள் பிரித்தால் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர்! கடைக்காரரோ, "அடியில ஃபோம் விரிச்சுட்டா ஒன்னும் ஆகாது" என்கிறார். விற்பவர் வேறென்ன சொல்வார்?

பலகையின் மேல்பூச்சு 0.3 மி.மீ., 0.5 மி.மீ. என்று இரண்டு தடிமனில் இருக்கிறது. பிள்ளைகள் நாற்காலியை இழுத்துக்கொண்டே இருப்பார்கள், அதனால் 0.5தான் எடுப்பேன். சாமி மேடைக்கு முன்னால் எண்ணெய் சிந்தும் இடத்தில் ரொம்ப வழுக்குமா? சமையலறைக்கு டைல்ஸே போதும் என்று மனைவி சொல்லிவிட்டார்; அதில் பேச்சே இல்லை.

இப்படி ஈரத் தரையில் போட்டு, இரண்டு மூன்று மழைக்காலம் பார்த்த அண்ணன், அக்கா யாராவது இருந்தால் சொல்லுங்கள். முதலில் சிமெண்டுக்கு ஈரத்தடுப்புப் பூச்சு அடித்தீர்களா, பிளாஸ்டிக் தாள் மட்டும் விரித்தீர்களா? அடியில் பூஞ்சை வாடை வந்ததா? ஈப்போ பக்கம் சுவரோரம் இடைவெளி விட்டு ஒழுங்காகப் போடும் ஆள் தெரிந்தால், சதுர அடிக்கு எத்தனை ரிங்கிட் கூலி வாங்கினார் என்பதையும் எழுதுங்கள்.