கடித்த நாயின் தடுப்பூசி விவரத்தை உரிமையாளர் தர மறுக்கிறார்

கேள்வி:
சென்னையில், வெளியூர் செல்வோரின் வீடுகளுக்கே போய் அவர்களது நாய், பூனைகளைப் பராமரிக்கிறேன். நேற்று மாலை ஒரு லாப்ரடார், உணவுத் தட்டை எடுக்கும்போது கையைக் கடித்து இரத்தம் வந்துவிட்டது. சாப்பிடும் வேளையில் அது சீறும் என்பதை முன்பே சொல்லாத உரிமையாளர், தடுப்பூசி அட்டையைக் கேட்டால் என்னையே குறை சொல்கிறார். மீதி நாட்களுக்குப் போகலாமா?

மறுமொழி 1:
அட்டைக்காகக் காத்திருக்காதீர்கள். காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, இன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரத்தம் வந்த கடிக்கு, இதற்கு முன் வெறிநோய்த் தடுப்பூசி போடாதவர்களுக்கு, தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கும் எதிர்ப்புப் பொருள் கொண்ட ஊசி) தேவை என்பதால், டி.டி. (டெட்டனஸ்) ஊசி மட்டும் போட்டுக்கொண்டு திரும்பிவிட வேண்டாம். அறிகுறி தோன்றிய பிறகு இந்நோயிலிருந்து பிழைத்தவர்கள் மிக அரிது.

மறுமொழி 2:
நாயைப் பட்டினி போட முடியாது. ஆகவே உறவினர் ஒருவரை அனுப்பும்படி உரிமையாளரிடம் கேளுங்கள், அதுவரை உணவை வைத்துவிட்டு விலகி நில்லுங்கள், தட்டைத் தொடாதீர்கள். நடந்ததையும், நாயை 10 நாள் கண்காணிக்க வேண்டும் என்பதையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்புங்கள். மருத்துவச் செலவைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

மறுமொழி 3:
இத்தொழிலில் இருப்பவர்கள் முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்வது மிக அவசியம். அப்படிப் போட்டிருந்தால், கடிபட்ட பின் 0 (முதல் ஊசி போடும் நாள்), 3ஆம் நாட்களில் இரண்டு ஊசிகளே போதும்.