நிறுத்திய காருக்குள் நெருக்கம்: பயப்பட வேண்டியது சட்டத்துக்கா, ஆட்களுக்கா?

தோவாளைப்பூ:
எனக்குத் தெரிந்த ஒரு ஜோடி. இருவருக்கும் இருபத்தைந்து தாண்டிவிட்டது, கல்யாணமும் நிச்சயமாகிவிட்டது. போன வாரம் ராத்திரி சொத்தவிளை கடற்கரைக்குப் போகிற வழியில், தென்னந்தோப்பு ஓரமாகக் காரை நிறுத்தியிருக்கிறார்கள். பைக்கில் வந்த இரண்டு பேர் டார்ச் அடித்து, செல்போனில் வீடியோ எடுத்து, "ஸ்டேஷனுக்குப் போவோமா, இல்லை வீட்டுக்கே அனுப்பிவிடவா" என்று மிரட்டியிருக்கிறார்கள். கையில் இருந்த பணம் போதாதென்று ஜிபேயிலும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். புகார் கொடுத்தால் தங்கள் மேலேயே கேஸ் திரும்புமோ என்று இருவருக்கும் பயம். காருக்குள் நெருக்கமாக இருப்பது குற்றமா?

குளச்சல்காரன்:
குற்றம்தான், இதில் என்ன சந்தேகம்? ரோட்டோரம் நிற்கிற கார் வீடு ஆகாது. பொதுச் சாலையில் போகும் தனியார் காரும் பொது இடம்தான் என்று 2019-இல் சத்விந்தர் சிங் சலூஜா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அந்த வழியாகத்தான் விடியுமுன் மீன் எடுக்கப் பெண்கள் போகிறார்கள், டியூஷன் முடிந்து பிள்ளைகள் சைக்கிளில் வருகிறார்கள். அவர்கள் கண்ணில் இது ஏன் பட வேண்டும்? பணம் பிடுங்கியவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அதற்கு இடம் கொடுத்தது யார்?

கோட்டாறு வக்கீல்:
சலூஜா தீர்ப்பு பீகார் மதுவிலக்குச் சட்டத்துக்குச் சொன்னது. 2021-இல் பூட்டா சிங் வழக்கில் அதே நீதிமன்றம், போதைப்பொருள் சட்டப்படி தனியார் வாகனம் பொது இடத்தில் சேராது என்றது. எந்தச் சட்டம் என்று பார்த்துத்தான் பேச வேண்டும்.

இங்கே போடக்கூடியது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 296-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1-க்கு முன் இதுவே இ.பி.கோ. 294. பொது இடத்தில் ஆபாசச் செயல் நடக்க வேண்டும், அதனால் பிறருக்குத் தொந்தரவும் வர வேண்டும். இரண்டும் இருந்தால்தான் குற்றம். அதிகபட்சம் 3 மாதச் சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீன் கிடைக்கும் பிரிவு. (ஒருவருக்கு 18 நிறையவில்லை என்றால் கதையே வேறு. போக்சோ வந்துவிடும், சம்மதம் என்ற வாதம் நிற்காது.) மிரட்டிப் பணம் பறிப்பதற்கு அதே சன்ஹிதாவின் 308, ஏழு வருடம் வரை சிறை. எது பெரிய குற்றம் என்று இதிலேயே தெரிகிறது.

குளச்சல்காரன்:
தொந்தரவு என்பதை யார் முடிவு செய்வது? அந்த ஆளே "எனக்கு அருவருப்பாக இருந்தது" என்று எழுதிக் கொடுத்தால்?

கோட்டாறு வக்கீல்:
தேடிப் போய் டார்ச் அடித்து எட்டிப் பார்த்தவர் அப்படிச் சொன்னால் நீதிமன்றத்தில் எடுபடுவது கஷ்டம். ஆனால் உங்கள் கேள்வியில் வேறொரு உண்மை இருக்கிறது. வழக்கு நிற்குமா என்பது கடைசியில் வருவது. அதற்கு முன்னால் ஸ்டேஷன் பெஞ்சு, வீட்டுக்குப் போன், ஊர்ப்பேச்சு எல்லாம் முடிந்துவிடும். அந்தப் பயத்தை வைத்துத்தான் பணம் பறிக்கிறார்கள். சீருடைக்காரரும் விலக்கில்லை. ராத்திரியில் ஒரு ஜோடியை மறித்து மிரட்டி, கைக்கடிகாரத்தை வாங்கிக்கொண்ட மத்தியப் பாதுகாப்புப் படைக் காவலரின் பணிநீக்கம் சரிதான் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒழுக்கக் காவல் போலீசின் வேலை இல்லை என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

ராத்திரி சவாரி:
நான் நாகர்கோவிலில் டாக்சி ஓட்டுகிறேன். சட்டம் உங்கள் பக்கம் என்றே வைத்துக்கொள்வோம் மக்களே. முட்டத்திலோ ஆரல்வாய்மொழி காற்றாலைப் பக்கமோ ராத்திரி பத்து மணிக்குக் கத்தினால் யார் வருவார்? 2025 நவம்பரில் கோவை விமான நிலையத்துக்குப் பக்கத்தில், நிறுத்திய காரில் நண்பரோடு இருந்த மாணவிக்கு மூன்று பேர் செய்த கொடுமையை மறந்துவிட்டோமா? அந்தப் பெண் மேல் துளி தப்பில்லை. ஆனாலும் என் தங்கை கேட்டால் போகாதே என்றுதான் சொல்வேன்.

கறுப்பு பிலிம் ஒட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். 2012-இலேயே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டுவிட்டது. ரோந்து வண்டி முதலில் மறிப்பதும் அந்தக் காரைத்தான். கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் காப்புக்காட்டில் ஒதுங்கினால் வனத்துறை வழக்கு தனி, யானையும் வரும். அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொள்வது. சைலன்சரில் ஓட்டை இருந்தாலோ, மூடிய ஷெட்டில் நின்றாலோ கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு மணமே கிடையாது. 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் நிறுத்திய கேரவனுக்குள் இருவர் செத்தது ஜெனரேட்டரிலிருந்து வந்த அதே வாயுவால்தான்.

தோவாளைப்பூ:
எல்லாம் சரி, எங்கே போவார்கள்? லாட்ஜில் கேட்டிருக்கிறார்கள். உள்ளூர் ஆதாரைப் பார்த்ததும் ரூம் இல்லை என்று அனுப்பிவிட்டார்களாம்.

கோட்டாறு வக்கீல்:
கல்யாணம் ஆகாத இரு வயது வந்தவர்கள் ஒரே அறையில் தங்குவது குற்றமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் கோவை விடுதி வழக்கில் தெளிவாகச் சொன்னது. அது தெரிந்தும் விடுதிக்காரர்கள் கதவை அடைப்பதால்தான் இவர்கள் தோப்புக்குப் போகிறார்கள். இடம் கொடுத்தது யார் என்று அண்ணாச்சி கேட்டாரே, அதில் இதுவும் சேரும்.

குளச்சல்காரன்:
கல்யாணம் நிச்சயமானவர்கள் இரண்டு மாதம் பொறுத்தால் என்ன என்றுதான் இப்போதும் கேட்பேன். பொது வழி பொது வழிதான். ஆனால் வீடியோ வைத்திருப்பவன் மறுபடி கேட்பான், அது நிச்சயம். புகார் கொடுக்கச் சொல்லுங்கள்.

கோட்டாறு வக்கீல்:
2020-இல் நாகர்கோவிலில் பல பெண்களை வீடியோ எடுத்து மிரட்டியவன் பிடிபட்டது ஒருவர் துணிந்து புகார் கொடுத்த பிறகுதான். 2023-இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. இவர்களுக்கு இன்னும் வசதி, ஜிபேயில் பணம் போயிருக்கிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு வங்கிக் கணக்கும் பெயரும் இருக்கும். பரிவர்த்தனை விவரத்தை அழிக்காமல் வைக்கட்டும், இனி ஒரு ரூபாய் அனுப்ப வேண்டாம். இணையப் பண மோசடிக்கான 1930 என்ற உதவி எண்ணிலும் சொல்லலாம். ஸ்டேஷனில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, வாங்காமல் வெளியே வரக் கூடாது.

தோவாளைப்பூ:
பெண் தயார். பையன்தான் தயங்குகிறான். இந்தப் பதில்களை அவனுக்கு அனுப்புகிறேன்.