சாட்ஸ்வொர்த் ஸ்கூல்: பேருக்கு குவின்டைல் 5, கையில காசு இல்ல. என்ன பண்றது?

டர்பன்_அப்பா:
வணக்கம், நாங்க மதுரை பக்கம், இப்ப தென்னாப்பிரிக்கா டர்பன்ல. பொண்ணு சாட்ஸ்வொர்த்ல ஒரு கவர்மென்ட் ஸ்கூல்ல கிரேடு 4. இந்த வருஷம் என்னைய எஸ்ஜிபி கமிட்டில, அதான் ஸ்கூல நிர்வாகம் பண்ற பெத்தவங்க-டீச்சருங்க குழுல, இழுத்து விட்டுட்டாங்க, கணக்க பாத்தா தலை சுத்துது. கவர்மென்ட் ஸ்கூல்கள ஏழ்மைய வெச்சு 1 முதல் 5 வரைக்கும் பிரிக்கிறாங்கல்ல, அந்த குவின்டைல்ல எங்களுது 5, அதாவது வசதியான ஸ்கூலாம்! பாதிப் பிள்ளைங்க பாட்டில்பிரஷ் குடிசைல இருந்து நடந்து வருதுங்க, ஃபீஸ் கட்டுறவங்கள விரல் விட்டு எண்ணிடலாம். கமிட்டி காசுல வெச்சிருந்த டீச்சருங்கள நிறுத்தியாச்சு, இப்ப ஒரு கிளாஸ்ல 48 பேர். கட்டாதவங்களுக்கு ரிப்போர்ட் குடுக்க வேணாம்னு ஒருத்தர் சொல்றார், எனக்கு மனசு ஒப்பல. வேற வழி இருக்கா?

ரிட்டயர்டு_டீச்சர்:
தம்பி, ரிப்போர்ட்ல கை வெக்காதீங்க, அது சட்டப்படி தப்பு. குவின்டைல் போடுறது ஸ்கூல சுத்தி இருக்கிற ஏரியாவோட சென்சஸ வெச்சு, வருமானம், வேலை, படிப்பு அதெல்லாம். பெஞ்சுல உக்காந்திருக்கிற பிள்ளை எங்கேர்ந்து வருதுன்னு யாரும் பாக்குறதில்ல. 2024ல ஒரு பிள்ளைக்கு கவர்மென்ட் ஸ்கூலுக்குக் குடுக்கிற டார்கெட் தொகை குவின்டைல் 1 முதல் 3 வரைக்கும் 1,672 ரேண்ட், 5க்கு வெறும் 289. மதியச் சாப்பாடும் முக்கியமா 1-3க்குத்தான், பசியோட வர்ற பிள்ளை மேத்ஸ் எப்படி போடும்? அட்மிஷன் ரிஜிஸ்டர்ல இருந்து வீட்டு அட்ரஸ எடுத்து லிஸ்ட் போட்டு, குவின்டைல மாத்தச் சொல்லி மாகாண கல்வித் துறைக்கு எழுதுங்க.

ஃபீனிக்ஸ்_அக்கா:
அதுக்கு முன்னாடி பெத்தவங்களுக்கு எக்ஸெம்ப்ஷன் ஃபார்ம், அதான் ஃபீஸ் விலக்கு கேக்குற ஃபார்ம், குடுங்க. பிள்ளைக்காக சோஷியல் கிராண்ட் (கவர்மென்ட் உதவித்தொகை) வாங்குறவங்களுக்கு ஃபீஸ் தானாவே கிடையாது, ஆனா ஃபார்ம் போடணும்னே பல பேருக்குத் தெரியாது, வெக்கத்துல ஸ்கூல் பக்கமே வர மாட்டாங்க. வருஷ ஃபீஸ் பெத்தவங்க வருமானத்துல 10 சதவீதத்தத் தாண்டினாலும் முழு விலக்கு. அது போக மிச்சம் இருக்கிறவங்க, வசதி இருந்தும் கட்டாதவங்க, அவங்கள விடாம கேளுங்க.

கேப்டவுன்_குமரன்:
ஒரு விஷயம் யாரும் சொல்லல. 1-3க்கு மாறிட்டா நோ-ஃபீ ஸ்கூல், ஃபீஸே வாங்க முடியாது. இப்ப வர்ற ஃபீஸ் எவ்ளோ, மாறினா வர்ற பணம் எவ்ளோன்னு பேப்பர்ல போட்டுப் பாருங்க. பணம் வந்தா மார்க் தானா ஏறிடும்னும் நினைக்காதீங்க, 2021 பிர்ல்ஸ்ங்கிற சர்வதேச வாசிப்பு டெஸ்ட்ல நாடு முழுக்க கிரேடு 4 பிள்ளைங்கள்ல 81 சதவீதம் பேருக்கு படிச்சா அர்த்தம் புரியல. கிரேடு 1ல இருந்தே வாசிக்க வைக்கணும்.

டர்பன்_அப்பா:
நன்றி. அக்கா, அந்த ஃபார்ம ஜூலுலயும் அடிச்சுக் குடுக்கணும்போல, பாதி அம்மாங்களுக்கு இங்கிலீஷ்ல வர்ற லெட்டர்னாலே பயம். கணக்குப் போட்டுட்டு வர்றேன் குமரன்.

ரிட்டயர்டு_டீச்சர்:
ஃபார்ம் வாங்கினவங்க கையெழுத்து ஒரு நோட்ல இருக்கட்டும் தம்பி, பின்னாடி யாராவது கேப்பாங்க.