1972 சி-10 பிக்கப்பில் பழைய கிரேகர் சக்கரங்கள்: ஐந்து துளை பொருந்தியும் நட் சரியாக அமரவில்லை

ஹூஸ்டன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1972ஆம் ஆண்டின் செவர்லே சி-10 பிக்கப் ஒன்று உள்ளது. அது பின்சக்கர இயக்கம் கொண்டது. முன்புறம் டிஸ்க் பிரேக், பின்புறம் டிரம். பழைய உதிரிபாகச் சந்தை ஒன்றில் 15 அங்குல விட்டமும் 8 அங்குல அகலமும் கொண்ட நான்கு கிரேகர் நிறுவனத்தின் எஸ்எஸ் வகைச் சக்கரங்களை வாங்கினேன். குரோம் பூச்சு அங்கங்கே மங்கியிருந்தாலும், இளவயதில் படங்களில் பார்த்து ஏங்கிய சக்கரங்கள் என்பதால் விட்டுவர மனம் வரவில்லை. "ஐந்து துளை, உங்கள் வண்டிக்குப் பொருந்தும்" என்று விற்றவர் சொன்னார். ஸ்டட்கள் (நட் ஏறும் திருகு முளைகள்) ஐந்தும் துளைகளுக்குள் போய்விடுகின்றன. ஆனால் நட்டைக் கையால் திருகும்போது சில சுற்றுகளிலேயே பிடித்துக்கொள்கிறது. ஸ்பேனர் போட்டு இறுக்கினால் வாஷர் சற்றுச் சாய்ந்து நிற்கிறது. மணிக்கு 55 மைலைத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்குகிறது. சக்கரங்களைச் சமன்படுத்திப் பார்த்தும் நடுக்கம் குறையவில்லை. குறை எங்கே இருக்கிறது என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கடைசல்காரன் எழுதியது:

ஐயா, முதலில் வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள். வாஷர் சாய்ந்து நிற்கும் சக்கரம் எந்த நேரத்திலும் தளரும்.

ஐந்து துளை என்பது எண்ணிக்கை மட்டும்தான். அந்த ஐந்தும் எவ்வளவு பெரிய வட்டத்தில் அமைந்திருக்கின்றன என்பதே முக்கியம். 1971, 1972ஆம் ஆண்டுகளின் பின்சக்கர இயக்க சி-10க்கு அந்த வட்டத்தின் விட்டம் 5 அங்குலம், அதாவது 127 மி.மீ. அதே காலத்து கமரோ, செவெல் கார்களுக்கு 4.75 அங்குலம், மஸ்டாங் வி8, டாட்ஜ் சார்ஜர் போன்றவற்றுக்கு 4.5 அங்குலம். அடுத்தடுத்த இரண்டு ஸ்டட்களின் மையங்களுக்கு இடையே அளந்தால் இவை முறையே ஏறத்தாழ 74.7, 70.9, 67.2 மி.மீ. என்று வரும். வித்தியாசம் நான்கு மி.மீ.க்கும் குறைவு என்பதால் கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது.

அந்தக் காலத்தில் ஒரே சக்கரத்தைப் பல வண்டிகளுக்கும் விற்பதற்காக, வட்டத் துளைக்குப் பதில் மையத்திலிருந்து வெளிநோக்கி நீண்ட துளையை வைத்து, அதன் மேல் நீள்வட்ட வாஷரைப் பொருத்தும் 'யூனிலக்' அமைப்பு பரவலாக இருந்தது. உங்கள் சக்கரங்களும் அந்த வகை என்றே, நீங்கள் விவரித்த அடையாளங்களிலிருந்து தோன்றுகிறது. வாஷரின் ஓட்டை நடுவில் இருந்தால் அது 4.75 அங்குலத்துக்கு உரியது. ஓட்டை ஒரு பக்கம் தள்ளியிருந்தால், அந்தப் பக்கம் சக்கர மையத்துக்கு வெளியே பார்க்கும்படி வைக்கும்போது 5 அங்குலம், மையத்தை நோக்கி உள்ளே பார்க்கும்படி வைக்கும்போது 4.5 அங்குலம். ஐந்து வாஷர்களும் ஒரே வகையாக, ஒரே திசையில் இருந்தே ஆக வேண்டும். ஒன்று மாறினாலும் சக்கரம் மையம் விலகி நிற்கும். நீங்கள் உணரும் நடுக்கத்துக்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஏனெனில் இவ்வகைப் பழைய சக்கரங்களை மையத்தில் நிறுத்துவது நட்களே, ஹப் (அச்சின் முனையில் சக்கரம் அமரும் பகுதி) அல்ல.

நட்டையும் பாருங்கள். இவற்றுக்கு வேண்டியது, வாஷரின் மேல் தட்டையாக அமர்ந்து, கீழே உருளை வடிவக் கழுத்தோடு துளைக்குள் இறங்கும் நட். உங்கள் பழைய இரும்புச் சக்கரத்தின் கூம்பு நட்டைப் போட்டால் அது விளிம்பில் மட்டும் தொட்டு நிற்கும்; இறுக்கம் இருப்பதுபோலத் தோன்றினாலும் சில நூறு மைல்களில் துளையையே தின்றுவிடும். அப்படித் தின்னப்பட்ட ஒரு சக்கரத்தைக் கடைசல் பட்டறையில் காப்பாற்ற முயன்று முடியாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்.

பின் டிரம்மைக் கழற்றாமல் வைத்திருக்கும் வண்டிகளில், தொழிற்சாலையில் டிரம்மைப் பிடித்து நிறுத்த ஸ்டட்டில் செருகிய மெல்லிய தகட்டுக் கிளிப்புகள் அப்படியே இருக்கும். பொருத்தும் முகத்தில் குழிவில்லாத அலுமினியச் சக்கரம் அவற்றின் மேல் அமர்ந்தால் ஹப்போடு ஒட்டாது. அவற்றை எடுத்துவிடுங்கள், ஹப் முகத்திலுள்ள துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

மாட்டும்போது, 7/16 அங்குல ஸ்டட்டில் நட் குறைந்தது ஸ்டட்டின் விட்ட அளவுக்காவது திருகு ஏற வேண்டும். அதற்கும் மேல் ஏறினால் நிம்மதி. டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) நட்சத்திர வரிசையில், அதாவது ஒன்றுவிட்டு ஒன்றாக, 75 பவுண்டு-அடி வரை படிப்படியாக ஏற்றி, 50 மைல் ஓடியபின் மீண்டும் சரிபாருங்கள்.

ஆறுதுளை69 எழுதியது:

மேலே சொன்னதோடு எடைத் தாங்குதிறனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. 1971 முதல் 1976 வரையிலான செவர்லே இம்பாலா காரும் இதே 5 அங்குல வட்டம் கொண்டதால், கார்களுக்கென விற்ற சக்கரங்கள் பிக்கப்பில் ஏறிவிடுகின்றன. வெறும் வண்டியாக ஓட்டுவதும் பின்னால் செங்கல் ஏற்றுவதும் ஒன்றல்ல. பயணிகள் கார் டயரைப் பிக்கப்பில் போட்டால் அதன் பக்கச்சுவரில் அச்சிட்ட சுமையை 1.10ஆல் வகுக்க வேண்டும்; 2,000 பவுண்டு என்றிருப்பது சுமார் 1,818 பவுண்டாகிவிடும்.

உட்பக்க விளிம்பிலிருந்து பொருத்தும் முகம் வரையிலான ஆழத்தையும் அளந்து சொல்லுங்கள். 8 அங்குலம் என்பது டயர் அமரும் இடங்களுக்கு இடைப்பட்ட அகலம்; விளிம்புகளோடு சேர்த்தால் ஏறக்குறைய 9 வரும், ஆகவே நடுக்கோடு 4.5 அங்குலத்தில் இருக்கும். ஆழம் 3.75 அங்குலம் என்றால் சக்கரம் 19 மி.மீ. வெளியே தள்ளி நிற்கிறது. முன்சக்கரத்தை முழுதாகத் திருப்பும்போது மட்கார்டில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு கேள்வியும் உண்டு. என்னுடையது 1969 சி-10. ஆறு துளை, 5.5 அங்குல வட்டம். துளை அமைப்பை மாற்றித் தரும் இடைத்தகடு போட்டு இதே சக்கரங்களை மாட்டலாமா?

கடைசல்காரன் எழுதியது:

நான் மாட்டமாட்டேன். இடைத்தகடு தடிமனாக இருப்பதால் சக்கரம் இன்னும் வெளியே தள்ளும். கவனிக்க வேண்டிய நட்களும் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். 1971க்குப் பிந்தைய டிஸ்க் பிரேக் முன்பாகங்களையும் ஐந்து துளைப் பின் அச்சையும் மாற்றிக்கொள்வதையே பலர் செய்கிறார்கள். செலவு கூடுதல்தான், ஆனால் பிரேக்கும் சேர்ந்து மேம்படும்.

ஹூஸ்டன்வாசி எழுதியது:

நீங்கள் சொன்னது அப்படியே சரி, ஐயா. இடது முன்சக்கரத்தில் ஓட்டை தள்ளிய வாஷர் மூன்றும் நடுவில் ஓட்டையுள்ள வாஷர் இரண்டும் கலந்திருந்தன. மற்ற மூன்றிலும் எல்லாமே நடுவோட்டை வாஷர்கள். இருபதையும் ஒரே வகையாக வாங்கி, ஓட்டை வெளியே பார்க்கும்படி வைத்தேன். நட்கள் கையாலேயே அடிவரை இறங்கின. பின் டிரம் ஒன்றில் இரண்டு கிளிப்புகளும் கிடைத்தன. உட்பக்க ஆழம் 4 அங்குலம், மட்கார்டில் உரசவில்லை. நேற்று 60 மைல் வேகம் வரை ஓட்டினேன், நடுக்கம் இல்லை. 50 மைல் கடந்ததும் நிறுத்தி இறுக்கிப் பார்த்தபோது வலது பின்சக்கரத்தில் ஒரே ஒரு நட் மட்டும் கால் சுற்று ஏறியது. அதை அடுத்த வாரமும் பார்ப்பேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.